பார்க்காமலே போய்விடுவாயா?

தேவாரத்தில் மயிலாப்பூருக்கு ஒரு பதிகம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியது, இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. பூம்பாவைப் பதிகம் என்றால் பலருக்கும் தெரியும். பாம்பு கடித்து இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தை முன்னால் வைத்துச் சம்பந்தர் பாட, அவள் உயிரோடு எழுந்து வந்தாள் என்பது கதை. அதை விரிவாகச் சொல்பவர் 12-ம் நூற்றாண்டுக்காரரான சேக்கிழார். பதிகத்துக்குள் பாம்பும் கிடையாது, குடமும் கிடையாது.

அப்படியானால் என்னதான் இருக்கிறது? திருவிழாப் பட்டியல். அடியார்களுக்குச் சோறு போடுவதில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி என்று மாதக் கணக்காகப் போகிறது. பத்துப் பாட்டும் முடிவது ஒரே கேள்வியில்தான்: இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா பெண்ணே?

ஒரு ஊரின் 1,300 வருஷத்துக்கு முந்தைய திருவிழா நாட்காட்டி இப்படி ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். இன்று நாம் பெரிய பண்டிகைகள் என்று நினைக்கிற தீபாவளியும் நவராத்திரியும் பிள்ளையார் சதுர்த்தியும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாமல் வந்திருப்பது கார்த்திகை விளக்கு. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

மூன்றாவது பாட்டில் கார்த்திகை வருகிறது. பெண்கள் கொண்டாடும் விளக்கீடு என்கிறார் சம்பந்தர். கூடவே ‘பழமையான கார்த்திகை’ என்ற பொருளில் ஓர் அடைமொழியும் போடுகிறார். அவருக்கே அது பழையது! எவ்வளவு பழையது என்று பார்க்க அகநானூற்றுக்குப் போகவேண்டும். நக்கீரர் பாடிய 141-ம் பாட்டில், மழை ஓய்ந்த வானத்தில் முழுநிலா கார்த்திகை மீனோடு சேர்கிற இரவு வருகிறது. தெருவெல்லாம் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் கூடிக் கொண்டாடுகிறார்கள். பொருள் தேடப் போன தலைவன் அந்த விழாவைத் தன்னோடு சேர்ந்து கொண்டாட வந்துவிட வேண்டும் என்று தலைவி ஏங்குகிறாள்.

இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒன்று காதல் பாட்டு, மற்றது பக்திப் பாட்டு. நடுவில் சில நூற்றாண்டுகள். சமணமும் பௌத்தமும் சைவமும் மல்லுக்கு நின்ற காலம் அது. பதிகத்தின் பத்தாம் பாட்டிலேயே அந்தச் சண்டை தெரிகிறது. இத்தனைக்குப் பிறகும் விழா செய்கிற வேலை மாறவில்லை. தூரம் போனவனுக்கும் செத்துப்போனவளுக்கும் சொல்லப்படுவது ஒன்றுதான்: விழா வருது, நீ இங்கே இருக்கணும்.

கார்த்திகைக்கு இன்று நாம் சொல்லும் காரணம் வேறு. பிரமனும் திருமாலும் அடிமுடி தேட, சிவன் நெருப்புத் தூணாக நின்றார். அதன் நினைவாகத் தீபம் என்போம். சம்பந்தருக்கு அந்தக் கதை தெரியாதா? நன்றாகவே தெரியும். இதே பதிகத்தின் ஒன்பதாம் பாட்டில் அந்த இருவரும் வருகிறார்கள். ஆனால் விளக்கீட்டோடு அவர் அதை முடிச்சுப் போடவில்லை. அகநானூற்றுத் தலைவியும் தன் விளக்கீட்டுக்குத் தெய்வக் கதை எதுவும் சொல்வதில்லை. இவர்கள் இருவரிடமும் முதலில் நிற்பது செயல்தான். ஊரே விளக்கு ஏற்றுகிறது, பெண்கள் கூடுகிறார்கள். அர்த்தம் அதன்மேல் வந்து உட்காரலாம், உட்கார்ந்தும் இருக்கிறது.

வானத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருக்கும். பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிரே ரிஷபத்தில், கார்த்திகைக் கூட்டத்தின் அருகில் வரும். ராத்திரி முழுக்க நிலா இருக்கும். தீபாவளி விளக்கு அமாவாசை இருட்டுக்கானது. கார்த்திகை விளக்கோ நிலா வெளிச்சத்திலேயே ஏற்றப்படுகிறது. வெளிச்சம் போதவில்லை என்பதற்காக ஏற்றுகிற விளக்கில்லை அது.

திருவண்ணாமலையில் இந்த விளக்கு 2,668 அடி உயர மலை உச்சிக்குப் போய்விட்டது. விடியலில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடங்களே காட்சி தருவார். அதே நேரத்தில் மலைமேல் கொப்பரையில் மகாதீபம். லட்சக்கணக்கான தலைகள் ஒரே திசையில் நிமிரும். ஆனால் சம்பந்தர் பாடிய விளக்கீடு தெருவில் இருந்தது. அது இன்னும் தெருவில்தான் இருக்கிறது. கோலத்தின் நடுவில் அகல், நெல்பொரியும் வெல்லப்பாகும், கோயில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனை. கிராமத்தில் பையன்கள் பனம்பூக் கரியைத் துணியில் கட்டி மாவலி சுற்றுவார்கள், பொறி வட்டமாகப் பறக்கும்.

அப்பா இறந்த வருஷம் எங்க வீட்டில் பண்டிகை கிடையாது. ஒரு வருஷத்துக்கு எதுவும் செய்யக்கூடாது. தீபாவளிக்குப் பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்து வந்தது, நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கார்த்திகை அன்று தெரு முழுக்க வரிசையாக அகல் எரிய, அம்மா மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் ஒரே ஒரு விளக்கை வாசல்படியில் வைத்தாள். “நமக்குத்தான் பண்டிகை இல்லையேம்மா” என்றேன். “பண்டிகைக்கு இல்லடா. வாசல் தெரியணும்ல?” என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சம்பந்தர் பூம்பாவையிடம் மோட்சத்தைப் பற்றிப் பேசவில்லை. மறுபிறவி, வினை, ஞானம் எதையும் காட்டி அவளைக் கூப்பிடவில்லை. நெய் ஊற்றிய தைப்பூசச் சோறு, மாசியில் கடல் குளியல், சிநேகிதிகள் ஏற்றுகிற விளக்கு, இவற்றைத்தான் வரிசையாகச் சொன்னார். சாவை எதிர்த்து வாதாட அவர் எடுத்துக்கொண்ட சாட்சிகள் இவ்வளவுதான். பண்டிகைக்கு அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்த பதிலும் இதுதான். அடுத்த மாதம் பார்க்க ஒன்று இருக்கிறது என்று மனுஷனுக்கு ஞாபகப்படுத்துவது.

அவர் பாடிய கோயில் கடற்கரை ஓரத்தில் இருந்தது. போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறிய 16-ம் நூற்றாண்டில் அது அழிந்தது என்பார்கள். இப்போதுள்ள கபாலீசுவரர் கோயில் கடலைவிட்டுத் தள்ளிப் பின்னால் கட்டப்பட்டது. கோயிலே இடம் மாறிவிட்டது, விழா நிற்கவில்லை. இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை எழுந்த கதையை நடத்திக் காட்டுகிறார்கள். பிற்பகலில் அறுபத்துமூவர் புறப்பாடு. மாடவீதியில் நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், கால் வைக்க இடமிருக்காது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.