கைக்கோளர் நாட்டவையும் வழக்குத் தீர்வும்

சேலத்திற்கு மேற்கே தாரமங்கலத்தை அடுத்துள்ள ஜலகண்டாபுரம் நெசவாற் பேர்பெற்ற ஊர். இவ்வூரைச் சூழ்ந்த சமவெளியில் தறித்தொழில் செய்துவந்த குடிகளுள் செங்குந்தர் எனப்படும் கைக்கோளரும் ஒருவர். இவர்தம் பூசல்களைத் தாமே தீர்த்துக்கொண்ட முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பு, கைக்கோளர் நாடுகள் 72 என்றும், அவற்றுள் மேல்நாடு 44, கீழ்நாடு 28 என்றும் கூறும். ஊர்த்தலைவர் பெரியதனக்காரர் அல்லது பட்டக்காரர் எனப்பட்டார். ஊரில் தீராத வழக்கு நாட்டவைக்கும், அங்கும் தீராதது விரிஞ்சிபுரம், சோழசிங்கபுரம் முதலிய திசைநாடுகளுக்கும், இறுதியில் மாநாடாகிய காஞ்சிபுரத்திற்கும் சென்றது. இவ்வடுக்கினை வெறும் பதவி வரிசையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஊர் நடுவர் வழக்காடுவோருள் ஒருவர்க்கு மாமனாகவோ மைத்துனனாகவோ இருத்தல் இயல்பு. நூலுக்குக் கடன் கொடுத்தவராகவும் இருக்கக்கூடும். வழக்கு மேலே செல்லுந்தோறும் நடுவர் அவ்வுறவினின்றும் கடனினின்றும் விலகுகின்றார். நடுவுநிலையை ஒருவரது குணத்திற்கு மட்டும் விட்டுவிடாது தொலைவாலும் காத்தனர் எனக் கருதுகின்றோம். ஆயினும், அன்றாடம் நெய்து உண்ணும் ஏழை காஞ்சிவரை சென்று முறையிடுதல் எங்ஙனம் இயலும் என்னும் ஐயம் எழாமலில்லை.

தீர்ப்பை நிறைவேற்றப் படை இல்லை. தண்டமும் குலவிலக்குமே உண்டு. விலக்கப்பட்டவன் வீட்டில் பெண் கொள்வாரும் கொடுப்பாரும் இலர். இக்கட்டு ஒரு குலத்தினுள் மட்டுமே செல்லும் என்பது வெளிப்படை. இடங்கையைச் சார்ந்த கைக்கோளர்க்கும் வலங்கையார்க்கும் பூசல் நேர்ந்தால், இருவரையும் கட்டும் அவை யாது?

விசயநகரக் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், வழுதிலம்பட்டுக் கைக்கோளர் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை பெற்றனர். காஞ்சியில் நிலவிய வழக்கே அதற்குச் சான்றாயிற்று. எனினும் உரிமையை வழங்கியது அரசதிகாரம். அதே நூற்றாண்டில், 1429இல், கொறுக்கை, திருவைகாவூர், ஆடுதுறைக் கல்வெட்டுகள் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்த்ததைக் காட்டும். அவர்களை ஒன்றாக்கியது பொதுவான இடர்; பொதுவான அவை அன்று. இடர் நீங்கியபின் அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. 1707இல் சென்னையில் மணவூர்வலம் செல்லும் தெருக்களைப் பற்றி இருசாராரும் மோதியபோது, நடுவராய் நின்றவர் கும்பினி ஆளுநர் தாமஸ் பிட். அவர் கண்ட வழி, இருசாராரையும் வெவ்வேறு தெருக்களிற் பிரித்து வைத்தலே. அதற்கும் இணங்காது வலங்கையார் பலர் சாந்தோமுக்குக் குடிபெயர்ந்து, 1708இல்தான் திரும்பினர்.