பாதி மேற்கோள்

மனிதரைக் கொன்ற நாய்க்கடிகளில் பாதிக்கு மேல் பிட்புல், ராட்வீலர் வகை நாய்களால் நேர்ந்தவை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டதாம். நாய் இனத் தடை பற்றிய அமெரிக்கச் செய்திகளில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி நம் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிய சமயத்தில், அந்த வரியின் மூலத்தைத் தேடத் தொடங்கினேன். ஒரு செய்திக்கு இன்னொரு செய்தியே சான்றாக நின்றது. பின்னோக்கிப் போகப் போக, எல்லாத் தடமும் ஒரே இடத்தில் வந்து முடிந்தது: அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழ், 2000 செப்டம்பர் 15, தொகுதி 217, பக்கம் 836. அந்த மையத்தின் ஜெஃப்ரி சாக்ஸ் உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை.

அந்த வரி அங்கே இருக்கத்தான் செய்கிறது. 1979 முதல் 1998 வரை 238 மரணங்கள், குறைந்தது 25 இனங்கள், பாதிக்கு மேல் அந்த இரு வகைகள். ஆனால் கட்டுரையின் சுருக்கம் அத்தோடு முடியவில்லை. நாயின் இனத்தை உறுதியாகச் சொல்வது கடினம். ஆகவே இனவாரிச் சட்டங்களில் அரசியலமைப்புச் சிக்கலும் நடைமுறைச் சிக்கலும் உண்டு. மரணங்கள் மொத்தக் கடிகளில் மிகச் சிறு பங்கு என்பதால் அவற்றை முதன்மைக் காரணமாக வைத்துக் கொள்கை வகுக்கக் கூடாது. வேறு நல்ல வழிகள் உள்ளன. தடை வேண்டாம் என்று வாதிட்டவர்களைத் தடைக்குச் சாட்சிகளாக நிறுத்தியிருக்கிறார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

தரவு திரட்டிய முறையைப் படித்தபோது இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இனப்பெயர்கள் விலங்குநலச் சங்கம் ஒன்றின் பதிவேட்டிலிருந்தும் செய்தித்தாள் காப்பகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை! பெயர்போன இனம் கடித்தால் அது செய்தியாகும் வாய்ப்பு அதிகம், நாயின் இனம் பற்றி நிபுணர்களே முரண்படலாம் என்று ஆசிரியர்களே எச்சரிக்கிறார்கள். ஒவ்வொரு இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் உள்ளன என்ற நம்பகமான கணக்கும் கிடையாது. அது இல்லாமல் விகிதம் எப்படிப் போடுவது? பத்திரிகை எழுதிய இனப்பெயரே ஆய்வுக்குள் போய், அறிவியல் முத்திரையோடு பத்திரிகைக்குத் திரும்பியிருக்கிறது.

யாரும் மேற்கோள் காட்டாத எண் ஒன்றும் அதே கட்டுரையில் உண்டு. விவரம் தெரிந்த 227 மரணங்களில் 188-இல் நாய் கட்டப்படாமல் இருந்தது. அவற்றில் 133 உரிமையாளரின் இடத்திலேயே நடந்தவை. இனத்தைத் தடைசெய்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. உதாரணமாக, அமெரிக்காவின் டென்வர் நகரில் 1989-இல் வந்த பிட்புல் தடை 2020 வாக்கெடுப்பு வரை நீடித்தது. தோற்றத்தை வைத்தே நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள்.

கால்நடை மருத்துவச் சங்கம் பிற்பாடு அந்தக் கட்டுரையோடு ஒரு குறிப்பைச் சேர்த்தது: ஊடகங்கள் எழுதியதற்கு மாறாக, இந்தத் தரவைக் கொண்டு எந்த இனத்தின் ஆபத்தையும் கணிக்க இயலாது. செய்திகளில் இந்தக் குறிப்பை நான் பார்ப்பது அரிது.