அலகு குத்தும் கன்னத்தில் வலி எங்கே போகிறது?

பங்குனி வெயில். நார்த்தாமலையைச் சுற்றிய மொட்டைப் பாறைகள் அனலடிக்கின்றன. அடிவாரத் தார்ச்சாலையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து வந்தவர் மஞ்சள் வேட்டியோடு அந்தச் சாலையில்தான் நிற்கிறார், கால் மாற்றாமல். பூசாரி அவர் கன்னத்தில் திருநீற்றை அப்பித் தேய்க்கிறார். இரண்டு விரலால் சதையை இழுத்துப் பிடிக்கிறார். உறுமிச் சத்தம் ஏறுகிறது. அலகு இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வருகிறது. முனையில் ஓர் எலுமிச்சம்பழம். இமை துடிக்கிறது, தோள் ஒருமுறை சிலிர்க்கிறது. அவ்வளவுதான், குலவைச் சத்தத்தில் ஊர்வலம் நகர்ந்துவிடுகிறது.

இதற்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ஆத்தாளின் அருள். மற்றது, ‘கன்னத்தில் நரம்பே கிடையாது, சும்மா வேடிக்கை’ என்பது. பகுத்தறிவின் பெயரால் சொல்லப்படும் இந்த இரண்டாவது விளக்கம் உடற்கூற்றியலின்படி முழுத் தவறு. கன்னமும் உதடும் முக்கிளை நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டவை. உடம்பிலேயே கூர்மையான உணர்ச்சியுள்ள பகுதிகளில் முகமும் ஒன்று. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு மூளைப் புறணியில் வரைந்து காட்டிய உடல் வரைபடத்தில், முகத்துக்கு முதுகைவிடப் பல மடங்கு இடம். எனவே அலகு குத்தும்போது செய்தி கிளம்பாமல் இருக்க வழியில்லை. அந்தச் செய்தி வழியில் என்ன ஆகிறது என்பதே கேள்வி. அருள் என்ற நம்பிக்கையோடு இந்தக் கட்டுரைக்கு வழக்கு இல்லை. அந்த நம்பிக்கை உடம்புக்குள் எந்தப் பாதையில் வேலை செய்கிறது என்பதையே இது கேட்கிறது.

குத்தின் செய்தி இரண்டு வகை இழைகளில் போகிறது. மெல்லிய உறையுள்ள இழை, சுருக்கென்ற முதல் வலியை நொடிக்குச் சில மீட்டர் முதல் முப்பது மீட்டர் வரையான வேகத்தில் கொண்டுபோகும். உறையில்லாத இழை, பின்னால் வரும் எரிச்சலை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாகச் சுமந்து வரும். முதுகில் குத்தினால் இவை தண்டுவடத்திலும், கன்னத்தில் குத்தினால் மூளைத்தண்டிலும் முதல் கைமாற்றத்தைச் செய்கின்றன. அங்கிருந்து தலாமஸ்; பிறகு புறணி. இதுவரை வலி என்று ஒன்று பிறக்கவே இல்லை. காயம் பற்றிய தகவல் மட்டுமே உண்டு.

கைமாறும் அந்த இடத்தில் ஒரு கதவு இருக்கிறது என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சொன்னார்கள். தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த இழைகள் முந்திக்கொண்டால் கதவு பாதி மூடும். இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலை ஆத்தா தேய்த்துவிடுவதும், பூசாரி கன்னத்தைத் தேய்த்து இறுக்கிப் பிடிப்பதும் இந்தக் கதவின் மேல்தான் வேலை செய்கின்றன. ஆனால் இந்த ஒன்று போதாது. கதவை மேலிருந்தும் மூடலாம். 1969இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலிகளின் நடுமூளையில் ஒரு சாம்பல்நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தில்லாமலே வயிற்றை அறுத்துக் காட்டினார். 1975இல் மூளை தானே சுரக்கும், அபினைப் போன்ற பொருள்கள் அடையாளம் காணப்பட்டன. 1978இல் கலிஃபோர்னியாவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வெறும் பொய்மருந்தால் வலி தணிந்தவர்களுக்கு, அபினை முறிக்கும் நலாக்சோன் கொடுத்ததும் வலி கூடியது. நம்பிக்கைக்கு ஒரு வேதியியல் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே எதிர்க்கேள்வி எழும்: வலி தெரியாமல் போவது நரம்பு செத்துப்போனதற்கும் அடையாளமாயிற்றே? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். விரல்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்வதாகவே அந்நாளில் பலரும் நம்பினார்கள். பிராண்டும் உடன் இருந்தவர்களும் கண்டது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது, சுடுபாத்திரத்தைப் பிடித்த கை அதை விடுவதில்லை. புண்ணான காலிலேயே நடை தொடர்கிறது. உறுப்பைத் தின்பது நோயைவிட, வலியின்மைதான். 2006இல் வெளியான ஒரு மரபணு ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த பாகிஸ்தான் சிறுவனின் கதை இன்னும் கொடியது. கையில் கத்தியைச் செருகிக்கொண்டு, தணலில் நடந்து, தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவன் அவன். நரம்பிழையில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாயில் பிறவியிலேயே பழுதானதால் அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறையும் முன் இறந்துபோனான்.

அலகு குத்தியவரைத் தொழுநோயாளிகளோடும் அந்தச் சிறுவனோடும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. அவர்களிடம் செய்தியே கிளம்பவில்லை. இவரிடம் செய்தி கிளம்புகிறது, மேலிருந்து பதிலும் வருகிறது. நரம்பு மண்டலம் தோற்ற இடம் அல்ல இது. தன் முழுத் திறனையும் காட்டும் இடம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற சிப்பாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே வலிமருந்து கேட்டதையும், அதையொத்த அறுவைக் காயமுள்ள ஊர்மக்களில் ஐந்தில் நால்வர் கேட்டதையும் ஹென்றி பீச்சர் 1956இல் பதிவு செய்தார். சிப்பாய்க்குக் காயம் என்பது வீடு திரும்பும் சீட்டு. நேர்த்திக்கடன் செலுத்துபவருக்கு அலகு, பிள்ளையின் காய்ச்சல் இறங்கியதற்குச் செலுத்தும் கடன்.

பூக்குழி இறங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்ற இயற்பியலே அதில் பெரும்பகுதியை விளக்கிவிடும். அலகு குத்தியவரின் மூளையில் நடப்பதைப் பார்க்கலாம் என்றால், உலோக அலகோடு ஒருவரைக் காந்த ஸ்கேன் கருவிக்குள் அனுப்ப முடியாது. அதனால் ஆய்வாளர்கள் ஊர்வலத்துக்கே போனார்கள். மொரீஷியஸ் தமிழர்களின் காவடியை ஆராய்ந்த டிமிட்ரிஸ் சிகலடாஸ் குழு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, காவடி எடுத்தவர்களின் உடல்நலம் கெடவில்லை. கடுமையாக நேர்ந்துகொண்டவர்களிடம் மனநலம் கூடுதலாகத் தேறியிருந்தது.

நார்த்தாமலையில் கோயில் வாசல் வந்துவிட்டது. பூசாரி அலகை உருவி, துளையில் திருநீற்றை வைத்து அழுத்துகிறார். மேளம் நிற்கிறது. சற்றுமுன் வரை கால் மாற்றாமல் நின்றவர் தார்ச்சாலையில் ஓரடி வைத்ததும் வெடுக்கென்று காலைத் தூக்கி, ‘ஆத்தாடி’ என்றபடி பந்தல் நிழலுக்கு ஓடுகிறார்.