மல்ச்சருக்கு முன்னால் ஒரு தடி இருந்தது



நல்ல மழை பெய்ஞ்சு மூணு வாரம் ஆச்சுன்னா தென்னந்தோப்புல புல் முழங்கால் அளவு நிக்கும். அதை என்ன பண்றதுங்கிறது எங்களுக்கு வருஷா வருஷம் வர்ற கேள்வி. ஆள் விட்டு வெட்டலாம்னா ஆள் கிடைக்கிறதில்லை. களைக்கொல்லி அடிக்க எனக்கு மனசு வர்றதில்லை. ரோட்டாவேட்டர் விட்டு உழுதா தென்னையோட மேல்வேர் அறுபடும், மூடாம கிடக்கிற மண்ணு வெயில்ல காயும். அதனால எங்க பக்கம் இப்ப டீக்கடைப் பேச்செல்லாம் மல்ச்சர் பத்தித்தான். சின்ன டிராக்டர் பின்னாடி மாட்டி ஓட்டினா, புல்லை நார்நாராக் கிழிச்சு அங்கேயே மூடாக்காப் போட்டுட்டுப் போகும். கம்பெனிக்காரங்க தர்ற தாள்ல இதுக்குப் பேரு ஃப்ளெயில் மோவர்.

மோவர்னா புல் வெட்டுற மெஷின், சரி. ஃப்ளெயில்னா என்ன? வாங்கப் போறவங்க பலரும் இதைக் கேட்கிறதில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால பெரிய கதை இருக்கு. அந்தக் கதை தெரிஞ்சா எந்த மெஷினை வாங்கணும், எப்படி வச்சுக்கணும்ங்கிறதும் பாதி புரிஞ்சிடும். அதனால இன்னிக்கு வரலாறு.

நம்ம ஊர்ல நெல்லைக் கட்டோடு தரையில அடிப்போம். மிச்சத்தை மாடு பிணைச்சு மிதிக்க விடுவோம். துவரை, கொள்ளுன்னா களத்துல காயப்போட்டுத் தடியால அடிப்போம். ஐரோப்பாவுல கோதுமைக்கும் பார்லிக்கும் தடிதான் பிரதானம். ஆனா அவங்க தடி ரெண்டு துண்டு. கையில பிடிக்கிற நீளக் கம்பு ஒண்ணு, அதன் நுனியில தொங்குற குட்டையான கனத்த கட்டை ஒண்ணு. ரெண்டையும் தோல் வாரால இணைச்சிருப்பாங்க. சில இடங்கள்ல வாருக்கு விலாங்கு மீன் தோலையே பயன்படுத்தினாங்களாம், அவ்வளவு உறுதி. இந்த ரெட்டைத் தடிக்குத்தான் ஃப்ளெயில்னு பேரு.

ஏன் ரெண்டு துண்டு? ஒரே தடியால தரையில ஓங்கி அடிச்சுப் பாருங்க. நுனி மட்டும்தான் கதிர் மேல படும், அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கு வரும். தொங்குற கட்டை முழு நீளத்துக்கும் படுத்து விழும், அடிச்ச வேகத்துல துள்ளித் திரும்பும். அடி பலமா விழும், கை வலிக்காது. இந்த 'தொங்கல்'தான் விஷயம். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

இங்கிலாந்துல குளிர்காலம் முழுக்கக் காட்டு வேலை கம்மி. நிலமில்லாத கூலிக்காரங்களுக்கு அந்த மாசங்கள்ல அடுப்பு எரிஞ்சது இந்தத் தடியாலதான். அறுப்பு முடிஞ்ச கதிரைக் கொட்டகையில அடுக்கி வச்சுருவாங்க. இலையுதிர் காலத்துல ஆரம்பிச்சு வசந்தம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அடிப்பாங்க. கடுமையான வேலை, தூசி வேலை. ஆனாலும் கூலி வந்தது.

1786 வாக்குல ஸ்காட்லாந்துல ஆண்ட்ரூ மீக்கிள்ங்கிற மெக்கானிக் கதிரடிக்கும் இயந்திரம் செஞ்சார். நெப்போலியனோட சண்டை நடந்த வருஷங்கள்ல ஆம்பளைங்க பட்டாளத்துக்குப் போனதால ஆள் பற்றாக்குறை, பண்ணைக்காரங்க இயந்திரத்தை வாங்கினாங்க. 1815-ல் சண்டை முடிஞ்சது. பட்டாளத்துக்காரங்க ஊர் திரும்பினாங்க. ஆள் நிறைய, வேலை இல்லை, ஆனா இயந்திரம் கொட்டகையில நின்னுக்கிட்டிருந்தது.

அது 1830-ல் வெடிச்சது. ஆகஸ்ட் கடைசியில கென்ட் மாவட்டத்துக் கூலிக்காரங்க கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்க ஆரம்பிச்சாங்க. சில மாசத்துல தென் இங்கிலாந்து பூராவும் பரவிடுச்சு. வைக்கோல்போர் எரிஞ்சது. பண்ணைக்காரங்களுக்கு மிரட்டல் கடுதாசி வந்தது. கீழே கையெழுத்து 'கேப்டன் ஸ்விங்'. அப்படி ஒரு ஆளே கிடையாது, கற்பனைப் பேரு. ரெட்டைத் தடியில ஆடுற அந்தக் கட்டையைக் குறிச்சுத்தான் ஸ்விங்னு வச்சாங்கன்னு சொல்றவங்க உண்டு. அரசாங்கம் சும்மா விடலை. 19 பேரைத் தூக்குல போட்டாங்க. சுமார் 480 பேரைக் கப்பலேத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாங்க. சிறைக்குப் போனவங்க இன்னும் அதிகம்.

இந்தக் கலவரம் தெற்கே இயந்திரத்தைச் சில காலம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். அப்புறம் நீராவி வந்தது. தடி மெல்ல மெல்லப் பரணுக்குப் போயிடுச்சு.

அதே 1830, ஆகஸ்ட் 31-ஆம் தேதி இன்னொண்ணும் நடந்தது. இங்கிலாந்தோட மேற்குல ஸ்ட்ரவுட் பக்கத்துல எட்வின் பட்டிங்ங்கிறவர் புல்வெளி வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். துணி மில்லுல கம்பளித் துணியோட மேல் ரோமத்தைச் சீவுற உருளையைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. இன்னிக்கும் கிரிக்கெட் மைதானத்துல ஓடுற உருளை மெஷின் அந்த வம்சம்தான். ஆனா அது செல்லப்பிள்ளை. சமமான தரை, மெல்லிசான புல்லு வேணும். ஒரு சின்னக் கல்லு மாட்டினாலும் பிளேடு பல்லிளிக்கும். பண்ணைக்கு உதவாது.

பண்ணைக்கு வேற ரெண்டு வந்தது. ஒண்ணு, முடிவெட்டுற மெஷின் மாதிரி பல்லுப்பல்லா இருந்து இடம்வலமா ஓடுறது. தீவனத்துக்கு நல்லா அறுக்கும், ஆனா செடிகொடி சிக்கினா அடைச்சுக்கும். இன்னொண்ணு, ஃபேன் மாதிரி படுக்கையாச் சுத்துற பெரிய பிளேடு. அமெரிக்காவுல அலபாமா மாநிலம் செல்மா ஊர்ல 1951-ல் தொடங்கின புஷ் ஹாக் கம்பெனி இதை ஊரறிய வச்சது. புதரையும் அடிச்சுத் தள்ளும். ஆனா கல்லு மாட்டினா துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

இந்த நேரத்துலதான் பழைய தடி திரும்பி வந்தது. 1950-கள்ல அமெரிக்காவுல தீவனம் நறுக்கவும், சாலையோரப் புல் வெட்டவும் ஃப்ளெயில் மெஷின்கள் புழக்கத்துக்கு வந்தது. குறுக்கே படுத்த ஒரு இரும்பு உருளை. அதுல டஜன் கணக்குல சின்னச் சின்ன பிளேடுகள், ஒவ்வொண்ணும் ஒரு போல்ட்டுல தொங்கும். உருளை சுத்தினா எல்லாம் விறைச்சு நிக்கும். கட்டையோ கல்லோ இடிச்சா பிளேடு மடங்கிப் பின்வாங்கும், தாண்டினதும் பழையபடி விறைச்சுக்கும். தோல் வாருக்குப் பதிலா போல்ட்டு, கைக்குப் பதிலா டிராக்டர். மத்தபடி அதே தொங்கல்தான். மேலே மூடி இருக்கிறதாலயும் பிளேடு சின்னதா இருக்கிறதாலயும் கல் பறக்கிறது குறைவு. ஆள் நடமாடுற சாலையோரத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்ததுக்கு அதுதான் காரணம்.

அதுக்கு முன்னாடியே டிராக்டர் தயாரா இருந்தது. என்ஜின் சக்தியைப் பின்னாடி ஒரு தண்டு வழியா வெளியே கொடுக்கிற பி.டி.ஓ.வை 1918-ல் அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி விற்பனை வண்டியிலயே கொண்டுவந்தது. அதோட அளவும் வேகமும் 1920-கள்ல தரப்படுத்தப்பட்டது. அந்த நிமிஷத்துக்கு 540 சுத்துங்கிற கணக்குத்தான் இன்னிக்கும் நம்ம மினி டிராக்டர் வரைக்கும் ஓடுது. கருவியை மூணு இடத்துல மாட்டி ஹைட்ராலிக்ல தூக்கி இறக்குற முறை அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனோடது. அவர் பேரைத் தாங்கின மாஸி ஃபெர்குசன் வண்டி டாஃபே கம்பெனி வழியா 1960-கள்ல சென்னையிலேயே தயாராச்சு. ரோட்டாவேட்டர் ஆஸ்திரேலியாவுல ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் உண்டாக்கினது. 1912-ல் அப்பாவோட பண்ணையிலதான் முதல் சோதனை.

ரோட்டாவேட்டரும் மல்ச்சரும் தூரத்துல பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரெண்டுலயும் படுத்த உருளை, ரெண்டுக்கும் பி.டி.ஓ. ஆனா ரோட்டாவேட்டர் பிளேடு இறுக்கி மாட்டினது, மண்ணுக்குள்ள இறங்க வேண்டியது. மல்ச்சர் பிளேடு தொங்குறது, மண்ணைத் தொடவே கூடாதது. இந்த வித்தியாசம் தெரியாம, "இன்னும் கொஞ்சம் இறக்கி ஓட்டுப்பா"ன்னு சொல்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். மண்ணுல தட்டின பிளேடு ஒரே நாள்ல மழுங்கும், பேரிங் போகும், புழுதி கிளம்பும். பின்னாடி இருக்கிற உருட்டுக் கட்டைதான் உயரத்தைத் தீர்மானிக்குது. ரெண்டு மூணு விரக்கடை உயரம் விட்டு வெட்டுங்க. புல்லு சாகக் கூடாது. மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அதோட வேர்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இந்தத் தொங்கலை ஒட்டித்தான். முதல்ல அகலம். டிராக்டரோட பின்சக்கரத்து வெளி விளிம்பு வரைக்கும் மெஷின் மூடணும். இல்லைன்னா சக்கரம் மிதிச்ச புல்லு படுத்து வெட்டுப்படாம நிக்கும். அதுக்காக வண்டிக்கு மீறின அகலமும் ஆகாது. 20, 25 ஹெச்.பி. வண்டிக்கு 4 அடி சுமாராச் சரியா வரும். அடுத்தது பிளேடு. ஒய் வடிவப் பிளேடு புல்லுக்கும் களைக்கும். சுத்தியல் மாதிரி கனத்த பிளேடு குச்சிக்கும் மட்டைக்கும். கனத்த பிளேடு கூடுதல் சக்தியைத் தின்னும், சின்ன வண்டி மூச்சு வாங்கும். மூணாவது, பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு. உருளை சுத்துற வேகத்துல, கிளட்சை மிதிச்சாலும் அது வண்டியை முன்னாடி தள்ளும். பி.டி.ஓ. தனியா ஓடாத வண்டிகள்ல இது ஆபத்து. ஒரு பக்கமா மட்டும் சக்தி போற கிளட்ச் தண்டுல இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

பராமரிப்புல ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா, சமநிலை. உருளை நிமிஷத்துக்குச் சுமார் 2,000 தடவை சுத்துது. ஒரு பிளேடு உடைஞ்சு விழுந்தா அந்தப் பக்கம் எடை குறையும், மெஷின் உதறும், அப்புறம் பேரிங், அப்புறம் மூடியே விரிசல் விடும். அதனால ஒரு பிளேடை மாத்தினா அதுக்கு எதிர்ல இருக்கிறதையும் சேர்த்து மாத்தணும். போல்ட்டும் கூடவே புதுசு. மலிவுன்னு பிளேடை வெல்டிங் வச்சு ஒட்டுறது கூடவே கூடாது. ஒட்டினது தொங்காது, தொங்காத பிளேடு மடங்காது, மடங்காதது உடைஞ்சு பறக்கும். உருளையில சுத்திக்கிட்ட கம்பி, சாக்கு நூல், சொட்டுநீர்க் குழாய் எல்லாத்தையும் வேலை முடிஞ்ச அன்னிக்கே என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டு அறுத்து எடுங்க. தூக்கின மெஷினுக்கு அடியில முட்டுக் கொடுக்காம கை விடாதீங்க. பேரிங்குக்கு கிரீஸ், பெல்ட்டு இழுப்பு, கியர்பாக்ஸ் ஆயில், பின்னாடி தொங்குற ரப்பர் பட்டை இதெல்லாம் அடிக்கடி பார்க்கணும். ரப்பர் பட்டை கிழிஞ்சிருந்தா பின்னாடி நிக்கிறவன் முழங்காலுக்குத்தான் கல் வரும்.

கடைசியா, 1830-ல் நடந்ததுக்கு வர்றேன். எங்க ஊர்ல மல்ச்சர் வந்தப்ப யாரும் கல்லெடுக்கலை. உடைக்க வர வேண்டியவங்க அதுக்கு முன்னாடியே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. ஆள் இல்லாத இடத்துல இயந்திரம் வந்ததுக்கும், ஆள் இருக்கும்போதே வந்ததுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனா மிச்சம் இருக்கிற நாலஞ்சு அம்மாக்கள் கதை வேற. ரெண்டு ஆடு, ஒரு மாடு வச்சிருக்காங்க. தோப்புப் புல்லுதான் தீவனம். அரிவாளால அறுத்தா அது கட்டுப்புல். மல்ச்சர் போன பிறகு அது மண்ணும் சருகும் கலந்த கூளம், மாடு மோந்துகூடப் பார்க்காது. அவங்க யாரும் கேப்டன் ஸ்விங் பேர்ல கடுதாசி எழுதப் போறதில்லை. வேலியோரமா நின்னு, "தம்பி, அந்தப் பக்கம் ஓட்டிட்டீங்களா?"ன்னு கேட்பாங்க, அவ்வளவுதான்.

அதனால எங்க தோப்புல வரப்போரமா ரெண்டு வரிசைக்கு மல்ச்சர் போறதில்லை. வாடகைக்கு வர்ற டிரைவர்கிட்டயும் முதல்லயே சொல்லிடறேன். உங்கள்ல யாராவது ஊர்ல நிலம் வாங்கி மல்ச்சர் ஓட்டுற யோசனையில இருந்தா, எத்தனை அடி மெஷின்னு கேட்கிறதுக்கு முன்னாடி அந்தப் புல்லை இதுவரைக்கும் யார் அறுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுக்குங்க.