'நோ சிக்னல்' வந்தால் மானிட்டர் போச்சுன்னு அர்த்தமில்லை! கடைக்கு தூக்குமுன் நீங்களே பார்க்கலாம்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். பேன் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் மிதக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்து இருட்டாகி விடுகிறது. மகளுக்கு கல்லூரி விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள் என்றால் வீடே கலவரமாகி விடும். அவசரத்தில் புது மானிட்டருக்கு பணத்தை கொட்டுபவர்கள் ஏராளம்.

உண்மையில் அந்த எழுத்து நல்ல சேதிதான். எழுத்து தெரிகிறது என்றால் மானிட்டருக்கு கரண்டும் வருகிறது, திரையும் எரிகிறது. சி.பி.யு.வில் இருந்து படம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கேபிள்

இரண்டையும் ஆப் செய்து விட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். நீல நிற வி.ஜி.ஏ. கேபிள் 1987-ல் வந்த பழைய வகை. இதில் 15 பின்கள். ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கேபிள்களில் 9-வது பின் இயல்பாகவே இருக்காது. உடைந்து விட்டதோ என்று பதற வேண்டாம்.

பக்கத்து வீட்டு கேபிளை வாங்கி மாட்டி பார்ப்பது செலவில்லாத சோதனை.

பட்டனை அழுத்துங்க

மானிட்டரில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பட்டன் இருக்கும். கேபிள் எச்.டி.எம்.ஐ.யில் இருக்க, மானிட்டர் வி.ஜி.ஏ.வை தேடிக் கொண்டிருந்தால் விடிய விடிய 'நோ சிக்னல்'தான்.

சி.பி.யு.வில் தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்த கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் பல கம்ப்யூட்டர்களில் படம் வராது.

கீபோர்டு சொல்லும் சேதி

ஆன் செய்து சில நிமிடம் பொறுத்து 'நம் லாக்' பட்டனை தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சி.பி.யு. உள்ளே ஓடுகிறது. கோளாறு பெரும்பாலும் கேபிள், மானிட்டர் அல்லது கிராபிக்ஸ் கார்டு பக்கம். விளக்கு அசையாவிட்டால் சந்தேகம் சி.பி.யு. மீது. 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால் ராம் அல்லது கிராபிக்ஸ் கார்டு சரியாக உட்காராமல் இருக்கலாம்.

ரப்பர் வைத்தியம்

பிளக்கை பிடுங்கி விட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்தி பிடியுங்கள். கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டு விட்டு, ராமை இரு பக்க கிளிப்பை தள்ளி எடுங்கள். தங்க நிற முனையை பென்சில் ரப்பரால் மெதுவாக தேய்த்து, தூளை பிரஷால் தட்டி விடுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் பட்டு விடும். 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். வாரன்டி உள்ள கம்ப்யூட்டர் என்றால் திறக்காமல் கடைக்கே கொண்டு போவது நல்லது.

திரையில் 'அவுட் ஆப் ரேஞ்ச்' என்று வந்தால் அது வேறு கதை. கேபிள் சரி, சிக்னலும் வருகிறது. ரெசல்யூஷனை குறைத்தால் போதும்.

இதை மட்டும் தொடாதீங்க!

பழைய டப்பா மானிட்டரின் பின்மூடியை கழற்றவே கூடாது. அதற்குள் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்து. சி.பி.யு.வில் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியையும் பிரிக்காதீர்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் கடைக்கு கொண்டு செல்லுங்கள். எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். பாகம் மாற்றினால் பழையதை கேட்டு வாங்குங்கள். 'நோ சிக்னலுக்கு' ஹார்டு டிஸ்க்கை பார்மேட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதில்தான் கல்யாண போட்டோவும், பிள்ளைகளின் சான்றிதழ் நகலும் இருக்கிறது. பார்மேட் பண்ணணும் என்று யாராவது சொன்னால், உடனே சரி என்று தலையாட்டி விடாதீர்கள்!