ஒற்றைக்கண் ராட்சசனும் தோல் புற்றுநோய் மாத்திரையும்

கிரேக்கப் புராண ராட்சசனுக்கும் தோல் புற்றுநோய் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாங்க 👇

1) ஹோமரின் ஒடிஸியில் வரும் ராட்சசன் பாலிஃபீமஸ். சைக்ளோப்ஸ் இனம். ஒரே கண். ஆடு மேய்ப்பவன். குகைக்கு வந்த ஒடிசியஸின் ஆட்களைப் பிடித்துத் தின்கிறான்.

ஒடிசியஸ் அவனுக்கு மது கொடுத்துத் தூங்க வைக்கிறான். நெருப்பில் காய்ச்சிய ஒலிவ மரக் கழியால் அந்தக் கண்ணைக் குத்துகிறான். பிறகு ஆடுகளின் வயிற்றுக்கு அடியில் தொங்கித் தப்பிக்கிறான்.

இந்த ஆடுகளை ஞாபகம் வச்சுக்கோங்க.

2) ஹெசியட் சொல்லும் சைக்ளோப்ஸ் வேறு ரகம். ஜீயஸுக்கு இடி ஆயுதம் செய்து கொடுத்த கொல்லர்கள் அவர்கள். மைசீனி நகரின் பிரமாண்டக் கல் மதிலைக் கட்டியதும் சைக்ளோப்ஸ்தான் என்று பிற்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். அந்த வகைக் கட்டுமானத்துக்கு இன்றும் 'சைக்ளோப்பியன்' என்றே பெயர்.

3) சரி, ஒற்றைக்கண் எங்கிருந்து வந்தது?

1914இல் ஓதேனியோ ஆபெல் என்ற புதைபடிவ ஆய்வாளர் ஒரு யூகம் சொன்னார். சிசிலி தீவில் முன்பு குள்ள யானைகள் வாழ்ந்தன. யானை மண்டையோட்டின் நடுவில், தும்பிக்கைக்கான பெரிய ஓட்டை இருக்கும். அதைக் கண் குழி என்று நினைத்திருக்கலாம் என்றார். நிரூபணம் இல்லை. ஆனா சுவாரசியமான யூகம்!

4) இப்ப 1950கள். அமெரிக்காவின் ஐடஹோ. சில பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகள் நெற்றியில் ஒரே கண்ணோடு பிறந்தன.

பல வருட ஆய்வுக்குப் பின் காரணம் சிக்கியது. சினை ஆடுகள், கருவுற்ற 14ஆம் நாள் வாக்கில், வெராட்ரம் என்ற காட்டுச் செடியைத் தின்றிருந்தன. அதிலிருந்த நச்சுக்குப் பெயர் வைத்தார்கள்: சைக்ளோபமைன்!

5) அது என்ன செய்கிறது? கருவில் மூளையும் முகமும் இடது வலதாகப் பிரிய, 'ஹெட்ஜ்ஹாக்' என்ற சமிக்ஞைப் பாதை வேலை செய்யணும். சைக்ளோபமைன் அதை அடைத்துவிடும். மூளை பிரியாது. கண்ணும் பிரியாது.

6) பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயில் இதே பாதை அடங்காமல் ஓடுகிறது. கருவில் அடைத்தால் ஆபத்து. புற்றுநோயில் அடைத்தால் மருந்து! அப்படி அடைக்கும் விஸ்மோடெகிப் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய நிலையில் தருவது. கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது. காரணம் உங்களுக்கே இப்ப தெரியும்.

7) மனிதக் குழந்தைகளிலும் மிக மிக அரிதாக இந்தக் குறைபாடு வரும். பிழைப்பதில்லை. குரோமோசோம் கோளாறு, மரபணு மாற்றம், தாயின் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் போன்றவை காரணமாகலாம். பல நேரம் காரணமே தெரியாது.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

✅ சர்க்கரை நோய் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே கட்டுக்குள் கொண்டு வாங்க. கர்ப்பம் தெரிய வரும் நேரத்தில் முகம் உருவாக ஆரம்பித்திருக்கும்.

✅ அப்படி ஒரு குழந்தையின் படம் வாட்ஸப்பில் வந்தால் 'ராட்சசக் குழந்தை' என்று பரப்பாதீங்க. அந்தப் படத்துக்குப் பின்னால், குழந்தையை இழந்த ஒரு தாய் இருக்கிறார்.