தென்மாநிலத்து இனிப்பும் அதைச் சுட்ட கைகளும்

அமெரிக்காவின் தென்மாநிலங்கள் என்பது வர்ஜீனியாவில் தொடங்கி கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, லூசியானா வழியாக டெக்சாஸ் வரை விரியும் நிலப்பரப்பு. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் தேவாலய விருந்தும் துக்க வீட்டுப் பந்தியும் இனிப்பு இல்லாமல் முடிவதில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பை, பீக்கன் பை, பவுண்டு கேக், பீச் பழக் காப்ளர், வாழைப்பழப் புட்டிங் என்று வரிசை நீளும். பை என்பது மாவையும் கொழுப்பையும் பிசைந்து தட்டில் மெல்லிய ஓடாகப் பரப்பி, அதற்குள் பழமோ கிழங்கோ முட்டைக் கலவையோ நிரப்பிச் சுடும் பண்டம். காப்ளரில் பழம் அடியில் இருக்கும், மாவு மேலே இருக்கும். இவையெல்லாம் பாட்டி காலத்துச் சொத்து என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எந்தப் பாட்டி, யாருடைய சமையலறையில் சுட்டாள் என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிய ஆங்கிலேயர்கள் பை, புட்டிங், பவுண்டு கேக் ஆகியவற்றின் செய்முறையைக் கொண்டுவந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கிலும் தலா ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம், சேர்ப்பதால் பவுண்டு கேக்குக்கு அந்தப் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு அது. பொருள்களை அந்த மண் மாற்றியது. மக்காச்சோளமும் பீக்கன் கொட்டையும் அமெரிக்கப் பழங்குடிகளின் உணவு. பீச் பழத்தை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட மக்கள் சொந்த ஊரில் பழகியிருந்த பெருவள்ளிக் கிழங்குக்கு அது மாற்றாக அமைந்தது. வடமாநிலங்களில் பூசணிப் பை வேரூன்ற, தெற்கில் சர்க்கரைவள்ளிப் பை நிலைத்ததற்கு மண்ணும் தட்பவெப்பமும் எவ்வளவு காரணமோ, அந்தக் கிழங்கைச் சமைத்த கைகளும் அவ்வளவு காரணம்.

பெருந்தோட்டத்து மாளிகையில் சமையலறை தனிக் கட்டிடமாக இருந்தது. தீ விபத்துக்குப் பயமும் கோடை வெக்கையும் அதற்குக் காரணங்கள். அந்தத் தனிக் கட்டிடத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைப் பெண்கள். எஜமானி செய்முறையை வாசித்துக் காட்டுவாள், அல்லது எழுதி வைத்துக்கொள்வாள். மாவின் பதத்தையும் தணலின் சூட்டையும் கண்டறிவது சமையற்காரியின் வேலை. வார்ப்பிரும்புச் சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டுச் சுடும் அந்த முறையில் வெப்பமானி கிடையாது. அடுப்புக்குள் கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை சூடு தாங்குகிறது என்று பார்ப்பதே அளவு.

1824இல் வெளியான மேரி ராண்டால்ஃபின் ‘வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்’ தென்மாநிலச் சமையலின் முதல் பெரிய நூலாகக் கருதப்படுகிறது. ரிச்மண்டில் தங்கும் விடுதி நடத்தியவர் அவர். வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல், ஒரு கிளாஸ் பிராந்தி ஆகியவற்றை மாவு ஓட்டில் ஊற்றிச் சுடும் புட்டிங் அந்த நூலில் இருக்கிறது. பிற்காலப் பையின் மூதாதை அதுதான். அவர் வீட்டில் அடுப்படி வேலை செய்த அடிமைகளின் பெயர் எதுவும் அந்தச் செய்முறைகளோடு சேரவில்லை.

அக்கால உழைப்பின் கனத்தைக் காட்ட ‘அடித்த பிஸ்கட்’ ஒன்றே போதும். தென்மாநில பிஸ்கட் நம் கடைகளில் விற்கும் மொறுமொறுப்பான பண்டம் அல்ல. பன் போல உப்பிய, வெண்ணெய் தடவிச் சாப்பிடும் சிறு ரொட்டி. உப்ப வைக்கும் பொடிகள் புழக்கத்துக்கு வராத நாளில், பிசைந்த மாவை மரக்கட்டையின் மேல் வைத்து, உலக்கை போன்ற கட்டையாலோ கோடரியின் பின்புறத்தாலோ அரை மணி நேரம் அடித்து மடித்துக் காற்றைச் சிறைப்படுத்தினார்கள். வீட்டாருக்கு ஒரு கணக்கு, விருந்தினர் வந்தால் அதைவிடக் கூடுதல் அடி. அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு, மாவை அழுத்தித் தள்ளும் உருளை இயந்திரம் பணம் உள்ள வீடுகளுக்கு வந்தது. கூலி இல்லாமல் அடித்துக் கொடுக்க ஆள் இருந்தவரை அதன் தேவையை யாரும் உணரவில்லை.

சர்க்கரையின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. நியூ ஆர்லியன்ஸ் அருகே எத்தியேன் டி போரே 1795இல் கரும்புச் சாற்றைப் படிகச் சர்க்கரையாக்கி லாபம் கண்டதும் லூசியானாவில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. கொதிக்கும் கொப்பரைகளுக்கு நடுவே சாற்றை மாற்றி மாற்றி ஊற்றுவது அடிமைகளின் உயிரைக் குடித்த வேலை. நியூ ஆர்லியன்ஸில் 1806இல் பிறந்த, கலப்பின வழியில் வந்த சுதந்திரக் குடிமகன் நார்பர்ட் ரில்யூ, நீராவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் குறைந்த அழுத்தத்தில் சாற்றை வற்ற வைக்கும் கருவிக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். எரிபொருள் மிச்சமானது, சர்க்கரை வெளுத்தது, விலையும் இறங்கியது. எளியவர் வீட்டில் மட்டும் வெகுகாலம் மொலாசஸ் என்னும் கறுத்த கழிவுப்பாகும், இனிப்புச் சோளத்தட்டையைப் பிழிந்து காய்ச்சிய பாகுமே இனிப்பாக இருந்தன. உள்நாட்டுப் போரின்போதும் (1861–65) அதற்குப் பின்னும் சர்க்கரை அரிதானபோது பெரிய வீடுகளும் சோளப்பாகுக்கு இறங்கிவந்தன.

பீக்கன், அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த கொட்டை. காட்டு மரங்களின் கொட்டைகள் அளவிலும் ஓட்டின் தடிமனிலும் மரத்துக்கு மரம் வேறுபட்டன. விதை போட்டால் தாய்மரத்தின் குணம் வருவதில்லை. லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக இருந்த அன்ட்வான் என்ற தோட்டக்காரர் 1846–47 குளிர்காலத்தில் மெல்லோட்டு மரத்தின் கிளைகளைக் கொண்டு 16 மரங்களை வெற்றிகரமாக ஒட்டுக்கட்டினார். படித்த தாவர ஆர்வலர் ஒருவர் முயன்று தோற்ற காரியம் அது. அந்த ரகம் 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று ‘சென்டென்னியல்’ என்று பெயர் பெற்றது. அன்ட்வானுக்குக் குடும்பப் பெயர்கூடப் பதிவாகவில்லை. பீக்கன் தோப்புத் தொழில் அந்த ஒட்டுக்கட்டலின் வழியில் வந்தது.

விடுதலைக்குப் பின் சமையல் அறிவு அதை உடையவர்களின் பெயரிலேயே அச்சேறத் தொடங்கியது. டென்னசியில் பிறந்த சுதந்திரக் கறுப்பினப் பெண் மலிண்டா ரஸல் முதலில் தங்கும் விடுதியும் பிறகு பேஸ்ட்ரி கடையும் நடத்திப் பணம் சேர்த்தார். போர்க்காலத்தில் 1864இல் கொள்ளையர்கள் அதைப் பறித்துக்கொள்ள, மகனோடு வடக்கே மிச்சிகனுக்குப் போனார். 1866இல் பா பா என்ற சிற்றூரில் அவர் வெளியிட்ட ‘எ டொமெஸ்டிக் குக் புக்’ தான் கறுப்பினப் பெண் எழுதியவற்றில் இன்று கிடைக்கும் மிகப் பழைய அமெரிக்கச் சமையல் நூல். கேக்குகளும் இனிப்புகளுமே அதன் பெரும்பகுதி. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஃபேனி ஸ்டூவர்ட் என்ற கறுப்பினச் சமையற்காரியிடம் தொழில் கற்றதாக அதில் சொல்கிறார். பேர் சொல்லாத மாளிகை நூல்களுக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரி தனித்து நிற்கிறது. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஏபி ஃபிஷரின் நூல் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாய்மொழியாகச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். சர்க்கரைவள்ளிப் பை அதில் முழு உருவத்தோடு இருக்கிறது.

இதற்கிடையே உப்ப வைக்கும் முறை மாறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் மாவில் சேர்க்கப்பட்டது. 1840களில் ஆப்ப சோடா கடைக்கு வந்தது. சோடா புளிப்போடு சேர்ந்தால்தான் வாயு கிளம்பும். பண்ணை வீடுகளில் வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய மோர் அந்தப் புளிப்பைத் தந்தது. மோர் பிஸ்கட், மோர்ப் பை, மோர் சேர்த்த கேக் என்று தெற்கில் மோர் இத்தனை இடத்தில் நுழைந்ததன் காரணம் சுவை மட்டும் அல்ல, இந்த வேதியியலும்தான். 1856இல் எபன் ஹார்ஸ்ஃபர்ட் பாஸ்பேட் அமிலப் பொடிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, புளிப்பும் சோடாவும் ஒரே டப்பாவில் பேக்கிங் பவுடராக வந்தன. கோடரிக்கட்டைக்கு வேலை போயிற்று.

மாவுக்கும் இதில் பங்கு உண்டு. தெற்கில் விளைந்தது குளிர்காலத்து மென்கோதுமை. புரதம் குறைவு என்பதால் ஈஸ்ட் ரொட்டிக்கு அது இழுவை தராது. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் அதுவே பொருத்தம். டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883இல் தொடங்கிய ‘ஒயிட் லில்லி’ மாவு அந்த மென்மைக்குப் பெயர் பெற்று வீட்டுக்கு வீடு புகுந்தது. 2008இல் நாக்ஸ்வில் ஆலை மூடப்பட்டு அரவை மத்திய மேற்கு மாநிலங்களுக்குப் போனபோது, பிஸ்கட் சுடுபவர்கள் பழைய மூட்டையையும் புதிய மூட்டையையும் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை டப்பாவே செய்முறை ஆசிரியராகியது. பீக்கன் சேர்த்த பை 1880களிலேயே அச்சில் உண்டு. ஆனால் அது பால் கலந்த கஸ்டர்டு. இன்று எல்லோரும் அறிந்த பிசுபிசுப்பான பீக்கன் பை, 1902இல் சந்தைக்கு வந்த ‘கேரோ’ மக்காச்சோளப் பாகு இல்லாமல் இல்லை. 1930களில் அந்த நிறுவனமே செய்முறையைப் பரப்பியது. வடக்கத்தி ஆலைப் பாகு இரண்டு தலைமுறைக்குள் தெற்கின் பரம்பரைச் சொத்தானது. வாழைப்பழப் புட்டிங்கும் அப்படித்தான். 1880களில் தேசியப் பத்திரிகைகளில் வந்த பொதுவான இனிப்பு அது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வாழைப்பழம் மலிவாக இறங்கியது; ஸ்பாஞ்சு கேக்குக்குப் பதில் வனிலா வேஃபர் அடுக்கும் செய்முறையை வேஃபர் நிறுவனம் பெட்டியிலேயே அச்சிட்டது. அதன்பின் அது தெற்கத்திப் பண்டம் என்று பெயர் வாங்கிவிட்டது. மாடும் பனிக்கட்டியும் அரிதாக இருந்த புளோரிடாவின் கீ தீவுகளில், கெய்ல் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்ற டின் பால்தான் கீ எலுமிச்சைப் பையைச் சாத்தியமாக்கியது. காப்ளரும் செஸ் பையும் டப்பாவுக்குக் கட்டுப்படாமல் நின்றவை. முட்டை, சர்க்கரை, வெண்ணெய், ஒரு பிடி மக்காச்சோள மாவு, சில துளி வினிகர், இவ்வளவே செஸ் பை. எலுமிச்சை வாங்க வழியில்லாத வீட்டுக்கு வினிகரே புளிப்பு.

மாளிகைப் பெண்களுக்குக் கேக் போட்டிக்களம். அலபாமாவின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த எம்மா ரைலண்டர் லேன், ஜார்ஜியாவின் கொலம்பஸ் சந்தைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற தன் கேக்கை 1898இல் சொந்தமாக அச்சிட்ட நூலில் வெளியிட்டார். வெள்ளைக் கருவால் செய்த அடுக்குகளுக்கு நடுவே, மஞ்சள் கரு, வெண்ணெய், சர்க்கரை, உலர்திராட்சை, விஸ்கி சேர்த்துக் காய்ச்சிய கலவை. மதுவைக் கண்டித்த ஊர்களில்கூட லேன் கேக்குக்குள் ஊற்றும் விஸ்கியை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலிலும் அந்தக் கேக் வருகிறது. 2016இல் அலபாமா அதை மாநில இனிப்பாக அறிவித்தது.

1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் வந்ததும் கிராமங்களுக்கு இல்ல அறிவியல் பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். வெள்ளையர் ஊருக்கு வெள்ளையர், கறுப்பினத்தார் ஊருக்குக் கறுப்பினத்தார் என்று அதிலும் பிரிவினை இருந்தது. அவர்கள் ஏற்பாடு செய்த தெருவோரச் சந்தைகளில் பண்ணைப் பெண்கள் முட்டையோடு கேக்கும் பையும் விற்றார்கள். கணவனின் பருத்திக் கடனில் சேராத காசு அது.

கேக் விற்ற காசு அரசியலுக்கும் உதவியது. அலபாமாவின் மான்ட்கோமரியில் 1955 டிசம்பரில், பேருந்துகளில் நிலவிய நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தாரின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. உணவகச் சமையற்காரியான ஜார்ஜியா கில்மோர் பெண்களைச் சேர்த்து, வீட்டில் சுட்ட பவுண்டு கேக்கையும் சர்க்கரைவள்ளிப் பையையும் அழகு நிலையங்களிலும் தேவாலயங்களிலும் விற்றுப் போராட்டத்துக்கு நிதி திரட்டினார். வெள்ளையர் வீட்டில் வேலை செய்த பெண்கள் அதில் இருந்ததால் பெயர் வெளியே தெரியக்கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று பதில் சொல்ல வசதியாக, ‘கிளப் ஃப்ரம் நோவேர்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போனது. கிங் ஊக்கப்படுத்த, அவர் தன் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். 381 நாள் நீடித்த புறக்கணிப்பில் ஆட்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கு ஊற்றிய பெட்ரோலில் கேக் விற்ற காசும் கலந்திருந்தது.

விடுதலை பெற்றவர்கள் உருவாக்கிய வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் ஊரில் 1916இல் பிறந்த எட்னா லூயிஸ், 1976இல் ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’ நூலில் அந்த ஊர் அடுப்படியைப் பருவம் பருவமாக எழுதினார். கடைப் பேக்கிங் பவுடரில் உலோக வாடை அடிக்கிறது என்று அவர் தானே பொடி கலந்துகொண்டவர். அதே காலத்தில் பத்திரிகைகளும் புதிய பரம்பரையை உருவாக்கிக்கொண்டிருந்தன. ‘சதர்ன் லிவிங்’ இதழ் 1978இல் வாசகர் அனுப்பிய செய்முறையை வெளியிட்டது. வாழைப்பழம், அன்னாசி, பீக்கன் சேர்ந்த அந்த ஹம்மிங்பேர்ட் கேக் சில ஆண்டுகளிலேயே எல்லோருடைய பாட்டியின் கேக்காகிவிட்டது.

வீட்டில் சுட்டதை விற்பது வெகுகாலம் சட்டத்தின் கண்ணில் படாத வணிகம். உரிமம் பெற்ற வணிகச் சமையலறை வேண்டும் என்ற சுகாதார விதிகள் வலுத்தபோது அது ஒளிந்து நடந்தது. 21ஆம் நூற்றாண்டில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக வீட்டுத் தயாரிப்புச் சட்டம் இயற்றின. டெக்சாஸில் அது 2011இல் வந்தது. கெட்டுப்போகும் அபாயம் குறைந்த கேக், ரொட்டி, பழப் பை ஆகியவற்றை வீட்டிலிருந்து விற்க அனுமதி கிடைத்தது. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய கஸ்டர்டு வகைகளுக்கு அப்போது இடமில்லை. பவுண்டு கேக் சந்தைக்குப் போனது, வாழைப்பழப் புட்டிங் வீட்டில் நின்றது.